அக்காவுக்கு: தட்டில் கோடு போட்டுவிட்டேன்

அக்கா,

நேற்று மதியம், நம் பழைய வீட்டை நீ வரைந்த அச்சுத் தட்டின் குறுக்கே கோடு இழுத்துவிட்டேன். மூலைக்கு மூலை ஒன்று, அதை வெட்டிக்கொண்டு இன்னொன்று. நீ விட்டுப்போன ஊசியால்தான் இழுத்தேன். முதல் கோட்டில் கை நடுங்கியது. இரண்டாவதில் நடுங்கவில்லை. இனி அந்தத் தட்டிலிருந்து யாரும் பிரதி எடுக்க முடியாது. நானும் எடுக்க முடியாது.

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று சித்தி சொன்னாள். அதனால் இங்கே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020இல் நான் கொடுத்த இரண்டு பிரதிகளில் ஒன்றை வாங்கியவரிடம் பேசிவிட்டேன். மற்றது கைமாறிப் போய்விட்டது. முற்றமும் கிணறும் உள்ள ஒரு வீட்டின் வரைபடம், கீழே இடது பக்கம் பென்சிலில் ஏ.பி., அதாவது ஓவியருக்கான பிரதி, என்று இருக்கும். அது யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ அவர் எனக்கு எழுதட்டும். வாங்கிய தொகையை இங்கே சொல்லப்போவதில்லை, அவரிடம் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காக ஒரு வரி. உலோகத் தட்டில் ஆசிட்டால் கோடுகளை அரித்து, அவற்றில் மை நிரப்பி அச்செடுப்பது எட்சிங். அதில் ஒரு தட்டிலிருந்து எத்தனை பிரதி என்பதை ஓவியரே முடிவு செய்வார். ஒவ்வொன்றிலும் 3/12 என்பதுபோல் எண் போட்டுக் கையெழுத்திடுவார். அது முடிந்ததும் தட்டைக் கீறிவிடுவது வழக்கம், வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கு அது. நீ பன்னிரண்டு என்று நோட்டில் எழுதினாய். ஏழு எடுத்தோம். மீதி ஐந்து அப்படியே நின்றுபோயிற்று.

நேற்று தட்டின் மேலிருந்த எண்ணெய்த் தாளைப் பிரித்ததும் அந்த ராத்திரிதான் வந்து நின்றது. 2011 ஜனவரி. கொல்லைக் கொட்டகையில் கரன்ட் போய்விட்டது. பிரஸ் கையால் சுற்றுவதுதானே, விளக்கு மட்டும் போதும் என்றாய். அட்டைத் துண்டால் மையை வழித்து நிரப்பினேன், மல்துணியைச் சுருட்டி வட்டம் வட்டமாகத் துடைத்தேன். நான் அதிகம் துடைத்துவிடுவேன், கோட்டுக்குள் இருக்கும் மையும் வெளியே வந்துவிடும். நீ என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, துணியை வாங்கி வைத்துவிட்டு, அப்பாவின் சாக்பீஸை அரைத்துச் சலித்த பொடியை என் உள்ளங்கையில் தடவினாய். 'இனி கைதான்' என்றாய். உன் கை என் கை மேல் இருந்தது. தட்டின் மேல் கை வழுக்கிப் போகிற அந்தச் சத்தம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஊறவைத்த தாளை ஒற்றி எடுத்து, தட்டின் மேல் இறக்கி, மேலே கம்பளித் துணியைப் போட்டோம். நான் சுற்றினேன். நீ மறுபக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். தாளின் இரண்டு முனையையும் பிடித்து நீ மெதுவாகத் தூக்கியபோது, திண்ணை, நடை, முற்றம் எல்லாம் கறுப்பாக ஈரத்தோடு வந்தன. அப்புறம் நீ சத்தமே இல்லாமல் நின்றாய்.

கிணறு இடம் மாறியிருந்தது. அச்சில் எல்லாம் வலம் இடமாகத் திரும்பும் என்று, 'கொல்லை', 'நடை', 'முற்றம்' என்ற சொற்களை எல்லாம் தட்டில் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதியிருந்தாய். கொம்பும் காலும் இடம் மாற்றி, கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினாய். வீட்டைத் திருப்ப மறந்துவிட்டாய். 'எழுத்து சரியா இருக்கு, வீடுதான் திரும்பிடுச்சு' என்றாய். அழப்போகிறாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். விற்றுப்போன வீட்டுக்குள் இனி இந்தப் பக்கமாகத்தான் போக முடியும் என்று சொல்லி, அதையே முதல் பிரதி ஆக்கினாய். உன் வேலைகளிலேயே அதற்கு இணையாக எனக்கு வேறு எதுவும் இல்லை. இதை உன்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கலைக் கல்லூரிக்குப் போக அப்பாவிடம் நீ அச்சோவியர் ஜரீனா ஹாஷ்மியைக் காட்டித்தான் சண்டை போட்டாய். 'அந்தம்மாவும் அலிகரில் 1958இல் கணிதத்தில் பட்டம் வாங்கினவங்கதான் அப்பா, அப்புறம்தான் உளியைப் பிடிச்சாங்க' என்று. கணக்கு வாத்தியாருக்கு அது ஒன்றுதான் உறைத்தது. பி.எஸ்சி. முடித்த கையோடு 2003இல் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தாய். அங்கிருந்து வந்த முதல் வாரமே ஜரீனாவுடைய 1999ஆம் வருட வரிசையைப் பற்றி எனக்குச் சொன்னாய். 36 மரச்செதுக்குகள், மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு உருதுச் சொல், வீடு, வாசல், படி என்று. நமக்கும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்றாய். நமக்கு என்றுதான் சொன்னாய், அதை நான் மறக்கவில்லை.

அதனால்தான் நீ 2012இல் டொராண்டோ போனபோது சொன்ன காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஊர் மாறினால் கை நின்றுவிடும் என்றாய். அங்கே பிரஸ் இல்லை, ஆசிட் வைக்க இடமில்லை என்றாய். ஜரீனாவுக்கு ஊர் மாறித்தான் கை வந்தது, அக்கா. கணவருக்கு வெளியுறவுத் துறை வேலை. பாங்காக்கில் மரச்செதுக்கு கற்றார், பாரிஸில் அச்சோவியர் ஹேட்டரின் பட்டறையில் எட்சிங், டோக்கியோவில் மறுபடி மரம். ஹேட்டரின் அதே பட்டறையில்தான் அச்சோவியர் கிருஷ்ண ரெட்டியும் வேலை செய்தார், 1947 முதல் 1949 வரை நம் கலாக்ஷேத்ராவில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். நம் பக்கத்திலிருந்து போன ஒருவருக்கு அங்கே இடம் இருந்தது. பிரஸ் இல்லை என்றாயே, 1970களின் கடைசியில் ஜரீனா தாளை ஊசியால் குத்தியே வரிசையாகப் படங்கள் செய்தார். மை கிடையாது, தட்டு கிடையாது. ஒரு தாளும் ஒரு ஊசியும் டொராண்டோவில் கிடைக்காதா?

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் எழுந்து போய்விட்டேன். அழிக்கவில்லை. ஆனால் உனக்கு அங்கே முதல் மூன்று வருடம் எப்படி இருந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும், அத்தானைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன். அது நம் இருவருக்குள். நீ போனில் அழுத ராத்திரிகளில், பிரஸ்ஸுக்கு எண்ணெய் விட்டாயா என்று கேட்பாய். விட்டேன் என்பேன். விட்டிருக்கமாட்டேன், மறுநாள் விடுவேன்.

இப்போது 2020க்கு வருகிறேன். அந்த ஏப்ரல் 25இல் ஜரீனா லண்டனில் இறந்துபோனார். நீ எனக்குச் செய்தி அனுப்பினாய், ஒரே ஒரு வரி. ஜூலையில் அம்மாவுக்குக் காய்ச்சல். முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். விமானம் இல்லை, உன்னால் வர முடியாது, அதில் உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. நீ பணம் அனுப்பினாய். அது வந்துசேர நான்கு நாள் ஆயிற்று. என்னிடம் ஒரு நாள்தான் இருந்தது.

கொட்டகையைத் திறந்தேன். தட்டைத் துடைத்து இரண்டு பிரதி எடுத்தேன். அது வரைக்கும் என்னால் நியாயம் சொல்ல முடியும், ஓவியருக்கென்று சில பிரதிகள் எண்ணுக்கு வெளியே எடுப்பது எல்லா இடத்திலும் உண்டு. அப்புறம் செய்ததற்குத்தான் நியாயம் இல்லை. பென்சிலை எடுத்து வலது மூலையில் உன் பெயரைப் போட்டேன். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது நீ. உன் 'ல'வும் என் 'ல'வும் ஒன்றுதான். பயிற்சிகூடத் தேவைப்படவில்லை. அது இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

மன்னித்துவிடு. மறுபடியும் அப்படி ஒரு ராத்திரி வந்தால் அம்மாவுக்காக நான் என்ன செய்வேன் என்று எனக்கே உறுதியில்லை. அதனால்தான் தட்டையே கீறினேன். போன மாதம் ஒரு காலரிக்காரர் வந்து, மீதி ஐந்தையும் எடுத்துவிடலாமே, அக்காவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டு நாள் யோசித்தேன் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் இதையும் கேள். அந்த ஏழு பிரதிகளில் ஐந்தைத் துடைத்து அழுத்தியது என் கை. உன் மணிக்கட்டு வலியால் நீ நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாய், நான் செய்தேன். கீழே இருப்பது ஒரே ஒரு பெயர். அமெரிக்காவில் டமரிண்ட் போன்ற பட்டறைகளில் அச்சடித்தவரின் முத்திரையையும் தாளின் ஓரத்தில் மையில்லாமல் அழுத்துவார்கள். இதை எனக்குச் சொன்னதே நீதான். சொல்லிவிட்டு, 'உனக்கும் ஒண்ணு செஞ்சு தரேன்' என்றாய். செய்யவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜரீனாவின் அக்கா ராணி, கராச்சியிலிருந்து தங்கைக்குக் கடிதங்கள் எழுதினார். எழுதினாரே தவிர அனுப்பவில்லை. பெற்றோர் போனது, வீடு விற்றது எல்லாம் அவற்றில் இருந்தன. பல வருடம் கழித்து அவை கைக்கு வந்தபோது, ஜரீனா அந்தக் கையெழுத்தின் மேலேயே வீட்டு வரைபடங்களையும் ஊர்களின் வரைபடங்களையும் அச்சடித்தார். 2004. அக்காவின் எழுத்து, தங்கையின் கோடு. நம்மில் எழுதுகிறவள் தங்கையாகிவிட்டாள், அனுப்பியும்விட்டாள். வெனிஸ் கலைக் கண்காட்சியில் இந்தியாவின் அரங்கில் 2011இல் ஜரீனாவின் படங்கள் வைக்கப்பட்டபோது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். பெரிய மீள்பார்வைக் கண்காட்சி அதற்கு அடுத்த வருடம்தான் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது. உனக்கு இப்போது 43.

தட்டைக் கீறிய பிறகு, வழக்கப்படி ஒரே ஒரு பிரதி எடுத்தேன், கீறியாயிற்று என்பதற்கு அத்தாட்சியாக. உன் கோடுகள் ஆசிட்டில் அரித்தவை, மெலிந்து சுத்தமாக இருக்கின்றன. என்னுடையவை நேராகக் கீறியவை, ஓரத்துப் பிசிறில் மை தங்கிக் கறுத்துக் கனத்து விழுந்திருக்கின்றன. இரண்டும் முற்றத்தில் வெட்டிக்கொள்கின்றன. கிணற்றைத் தொடவில்லை. அதற்காக அளவெடுக்கவில்லை, தானாக அமைந்தது.

அந்தத் தாளில் நான் எதுவும் எழுதவில்லை. எண் இல்லை, பெயர் இல்லை. தபாலில் அனுப்பமாட்டேன்.

ஆவணி பிறந்ததும் பிரஸ்ஸை எடுத்துப்போக உன் கல்லூரியில் படித்த மூன்று பெண்கள் வருகிறார்கள். கொட்டகை ஒழுகுகிறது, எனக்கும் தோள் வலி வந்துவிட்டது. அவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள், உனக்குப் பிடிக்கும். அதுவரைக்கும் பிரஸ் இங்கேதான் இருக்கும். எண்ணெய் விட்டிருக்கிறேன். கம்பளியைத் துவைத்துக் காயவைத்துவிட்டேன். அம்மா உன் பழைய ஏப்ரனைப் பெட்டியிலிருந்து எடுத்து மடித்து வைத்திருக்கிறாள், நான் சொல்லவில்லை. நீ வாங்கி வைத்த அந்தத் தாள்கட்டில் இன்னும் மூன்று தாள் மீதி இருக்கிறது.