ஆயிரம் ரூபாய் முதல் மாதமே கைக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. பாலிடெக்னிக், ஐடிஐ படிப்பவர்களுக்கும் உண்டு. அருமையான திட்டங்கள். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை படிப்பை விடுவதா தொடர்வதா என்று தடுமாறுவது சேர்ந்த முதல் சில மாதங்களில்தான். பஸ் செலவு, விடுதிக் கட்டணம், நோட்டுப் புத்தகம் எல்லாம் ஒன்றாக நெருக்கும். அந்த நேரம் பார்த்துப் பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம்.

பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். போதாது. அடையாளத்துக்கு ஆதார் கொடுப்பது வேறு; அரசுப் பணம் வந்து சேர என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்புவதைக் கையாளும் தேசிய அமைப்பு) பட்டியலில் கணக்கை இணைப்பது வேறு. இதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான் இணையும். கடைசியாக இணைத்த கணக்குக்கே பணம் போகும். செல்போன் கடையில் கைரேகை வைத்துத் திறந்த கணக்கு ஒன்று இருப்பதே சிலருக்கு மறந்திருக்கும். பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்க, பிள்ளை பழைய பாஸ்புக்கை வாராவாரம் என்ட்ரி போட்டுப் பார்க்கும். பள்ளியில் படிக்கும்போது திறந்த சிறார் கணக்கும் 18 வயது முடிந்ததும் சிக்கல்தான்: புதுக் கையெழுத்தும் ஆவணமும் கொடுக்கும்வரை வங்கி அதை நிறுத்திவைத்துவிடலாம். ஆதாரில் 'மு. கவிதா', பாஸ்புக்கில் 'கவிதா முருகன்' என்றிருந்தால் அதற்கொரு அலைச்சல்.

இவற்றையெல்லாம் கல்லூரியில் சேர்ந்த பிறகு சரிசெய்யப் போனால் வகுப்பும் போகும், மாதங்களும் போகும். அரையாண்டுத் தேர்வு முடிந்த ஜனவரியிலேயே பிளஸ் 2 வகுப்பறையில் பார்த்துவிடலாம். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓடிபி வர வேண்டுமே. ஆதாரில் இருப்பது அப்பாவின் பழைய செல்போன் எண்ணாக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். 15 வயதுக்குப் பிறகு கைரேகை, கருவிழி புதுப்பிக்காதவர்களையும் அப்போதே அனுப்பிவிடலாம். இணைப்பு இல்லாதவர்களுக்குப் பள்ளியிலேயே வங்கி முகாம் ஒருநாள் நடத்தி, பத்து நாள் கழித்து மறுபடி சரிபார்க்க வேண்டும். படிவம் கொடுத்ததோடு விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்), ஆதாருடன் இணைந்திருக்கும் வங்கியின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்கப் பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும். கல்லூரியில் விண்ணப்பம் போடும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான்.

இப்படிக்கு,
கல்லூரி உதவித்தொகைப் பிரிவுப் பணியாளர்கள்