மூன்று மில்லிமீட்டர் இடைவெளி

ஆசிரியருக்கு,

ஆர்மீனியா ரஷ்யாவை விட்டு விலகி இந்தியா, பிரான்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டதாகச் செய்திகள் வருகின்றன. சாய்ந்தது உண்மை. விலகியாயிற்று என்பதுதான் இடிக்கிறது.

மனக்கசப்புக்குக் காரணம் இருக்கிறது. 2019 கடைசியில் ரஷ்யா கொடுத்த நான்கு சுகோய்-30 விமானங்களுக்கு அஜர்பைஜானுடனான 2020 போர் முடியும்வரை ஏவுகணை வந்து சேரவில்லை. 2022 செப்டம்பரில் அஜர்பைஜான் தாக்கியபோது, ஆர்மீனியாவும் உறுப்பினராக உள்ள, ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பு நிலவரம் பார்க்க ஒரு குழுவை அனுப்பியதோடு சரி. இந்தியாவின் பினாகா ராக்கெட் ஏவிகள், ஆகாஷ் வான்காப்பு ஏவுகணைகள், பிரான்சின் 36 சீசர் பீரங்கிகள் எல்லாம் அதற்குப் பிறகு வெளியே வந்த ஒப்பந்தங்கள்.

ஆனால் 2011-20இல் அந்நாடு இறக்குமதி செய்த பெரிய ஆயுதங்களில் 94 சதவீதம் ரஷ்யச் சரக்கு என்கிறது சிப்ரி ஆய்வு நிறுவனம். அதை ஒரே நாளில் தூக்கிப் போட முடியாது. பழைய சோவியத் பீரங்கியின் குழாய் விட்டம் 152 மி.மீ., புதிய சீசருடையது 155 மி.மீ. வித்தியாசம் மூன்றே மில்லிமீட்டர்தான். ஆனாலும் பெரிய குண்டு சின்னக் குழாயில் நுழையாது. சின்னதைப் பெரியதில் போட்டால் வாயு கசிந்து குண்டு பாதி வழியில் விழும். ஆகவே குண்டு, உந்துமருந்து, எந்தத் தூரத்துக்கு எந்தக் கோணம் என்று காட்டும் சுடு அட்டவணை எல்லாமே இரண்டிரண்டாக வைத்திருக்க வேண்டும்.

கோணக் கணக்கும் வேறு. சோவியத் முறை வட்டத்தை 6000 பங்காகப் பிரிக்கும், நேட்டோ முறை 6400 ஆக. 1000 என்று சொன்னால் பழைய ஆளுக்கு 60 டிகிரி, சீசர் ஆளுக்கு 56.25. தொலைபேசியில் எண் மட்டும் சொல்லி, எந்த முறை என்று சொல்ல மறந்தால், 20 கி.மீ. தூரத்தில் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விழும். பழக்கத்தில் வரும் இந்தத் தப்பைப் பயிற்சிதான் போக்கும், பணம் போக்காது.

பினாகாவில் இன்னொரு சங்கடம். பழைய சோவியத் கிராட் ராக்கெட்டுகளின் 122 மி.மீ. அளவை எத்தனையோ நாடுகள் தயாரிக்கின்றன. பினாகாவின் 214 மி.மீ. இந்தியாவில் மட்டும்தான். ஒரே கடையை நம்பிக் கெட்டவர்கள், இந்த விஷயத்தில் வேறொரு ஒரே கடைக்குப் போயிருக்கிறார்கள். சரக்கு வரும் வழியும் குறுகல்: துருக்கி எல்லை 1993 முதல் மூடியிருக்கிறது, அஜர்பைஜான் எல்லையும் அப்படியே. மிச்சம் ஜார்ஜியா, ஈரான்.

அரசியலும் அரைகுறைதான். 2024இல் அந்தக் கூட்டுப் பாதுகாப்பு அமைப்பில் பங்கேற்பை முடக்கினார்கள், வெளியேறவில்லை. தலைநகர் யெரெவான் விமான நிலையத்திலிருந்து ரஷ்ய எல்லைக் காவலர்கள் கிளம்பினார்கள். ஆனால் கியூம்ரி நகரிலுள்ள ரஷ்ய ராணுவத் தளத்தின் ஒப்பந்தம் 2044 வரை இருக்கிறது.

இனி ஆயுத விற்பனைச் செய்தி போடும்போது எத்தனை பீரங்கி என்பதோடு, எத்தனை குண்டு, உதிரி பாகம் எங்கிருந்து, பயிற்சி எத்தனை மாதம் என்றும் கேட்டு எழுதுங்கள்.