முதல் ரைஃபிளை மறக்காதது தோள்தான்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று. மற்ற செய்திகளைக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம்தான் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது.

மகளுக்கு 14 வயது ஆகிறது, வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்துவிட்டாள், அப்பா வைத்துவிட்டுப் போன .30-06-ஐ (பெரிய தோட்டா போடும் வேட்டை ரைஃபிளை) அவள் கையில் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. அது அவளுக்குச் சேர வேண்டியதுதான், ஆனால் முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

முதல் ரைஃபிளைப் பற்றி யாரைக் கேட்டாலும் எண்ணெய் வாசனை, தோளில் தாங்கும் கட்டையின் மினுமினுப்பு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் மூடும் சத்தம் என்று சொல்வார்கள். அதெல்லாம் மனத்தின் ஞாபகம். தோளுக்கென்று தனி ஞாபகம் இருக்கிறது, அது சொல்லிக்கொண்டு வராது. வழக்கமான எடையுள்ள .30-06 ஒன்றின் பின்னுதை, அதைவிடச் சிறிய .243 தோட்டாவின் உதையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாவற்றிலும் சிறிய .22 தோட்டாவின் உதை கணக்கில் வராத அளவு சிறியது. வளரும் பிள்ளையின் தோள் முதல் பத்து வெடியிலேயே பாடம் படித்துவிடும்: ‘விசையை இழுத்தால் அடி விழும்’. அதன் பிறகு விசை விழும் கணத்துக்குச் சற்று முன்பே கண் மூடும், தோள் முன்னுக்குத் தள்ளும், குழல் வாய் கீழே இறங்கும். குண்டு இலக்குக்குக் கீழே போகும். அவளோ ஸ்கோப்பைக் குறை சொல்வாள். இந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும், போக வருடக்கணக்காகும்.

ஆகவே .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கான போல்ட் ரைஃபிள் ஒன்று வாங்கு. 1887 முதல் இருக்கும் தோட்டா, இன்னும் அதைவிட நல்ல வாத்தியார் வரவில்லை. சாதாரணமாக 2.6 கிராம் ஈயக் குண்டு. மெதுவான வகை நொடிக்கு 330 மீட்டர் அளவிலும், வேகமான வகை 370-ஐ ஒட்டியும் கிளம்பும். பயிற்சிக்கு மெதுவானதே போதும். ஒலியின் வேகத்தைத் தாண்டாததால் சாட்டை சொடுக்கும் அந்தச் சத்தம் இருக்காது, பெரும்பாலான துப்பாக்கிகளில் குறியும் அதில்தான் நெருங்கி விழும். சிறிய தோட்டா என்று அலட்சியம் மட்டும் வேண்டாம். மேல்நோக்கிச் சுட்டால் 2 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது. பின்னால் மண்மேடு இல்லாத இலக்கை நோக்கி அவள் ஒரு தடவைகூடச் சுடக் கூடாது. பாறை, தண்ணீர் இரண்டிலும் பட்டுத் தெறிக்கும்.

ரூகர் 10/22 போலத் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் வகையும் உன் பட்டியலில் இருக்கிறது. 1964 முதல் வருகிற நல்ல துப்பாக்கிதான், குறையொன்றும் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளும்போது ஒவ்வொரு வெடிக்கும் நடுவே கையால் போல்ட்டை இழுக்கும் அந்த இடைவெளி தேவை. முந்தின குண்டு எங்கே போனது, ஏன் போனது என்று யோசிக்க அதுதான் நேரம் கொடுக்கிறது. போல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் துப்பாக்கி வெறும் குழாய் என்பதும் ஒரு வசதி. சிஇசட் 457, சாவேஜ் மார்க் 2 இரண்டில் எது கிடைத்தாலும் சரி. பணத்தை மிச்சம் பிடித்துத் தோட்டாவில் போடு.

கடையில் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் கட்டையின் நீளத்தைப் பார். பெரியவர்களுக்கான கட்டையில் விசைக்கும் பின்தகட்டுக்கும் நடுவே 34 செ.மீ. இருக்கும், அவள் வயதுக்கு 29 முதல் 31 வரை போதும். பின்தகட்டை முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, கையை மடக்கி, ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் சிரமமில்லாமல் படுகிறதா என்று பார்ப்பது ஒரு தோராயம்தான். துல்லியம் வேண்டுமென்றால் கண்ணை மூடி நிற்கச் சொல்லி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறக்கச் சொல். கழுத்தை நீட்டாமல், குனியாமல் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் பொருந்துகிறது. கட்டை நீளமாக இருந்தால் இடக் கை வெகுதூரம் நீள்கிறது, முதுகு பின்னுக்குச் சாய்கிறது, நின்று சுடும்போது குழல் ஆடுகிறது. கட்டைக்கும் பின்தகட்டுக்கும் நடுவே வைக்கும் சில்லுகளுடன் வரும் கட்டை கிடைத்தால் அதையே எடு. வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

எந்தக் கண் ஆதிக்கம் என்பதையும் வாங்குவதற்கு முன் பார்த்துவிடு. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு ஓட்டை விட்டு, தூரத்துப் பொருள் ஒன்றை இரண்டு கண்ணாலும் பார்க்கச் சொல். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டையிலேயே நிற்கிறதோ அதுதான். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆதிக்கம் என்றால் இடத்தோளில் பழக்குவது நல்லது. ஆரம்பத்திலேயே செய்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

ஸ்கோப்பில் அதிகம் செலவழிக்க வேண்டாம். 4 மடங்கு உருப்பெருக்கம் போதும். ஆனால் .22-க்கென்று செய்ததாகக் கேள். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்புகள் 100 மீட்டரை ஒட்டிய தூரத்துக்குப் பிழையில்லாமல் அமைக்கப்பட்டிருக்கும். 25 மீட்டரில் கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரும். .22 வகை 50 மீட்டரை ஒட்டி அமைக்கப்பட்டிருக்கும். வளையத் திருகுகளை முறுக்குமானியால் 2 நியூட்டன் மீட்டரைத் தாண்டாமல், குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. கையால் பலம் போட்டு முறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே சரிசெய்யும் பகுதி சிக்கும். பிறகு எத்தனை கிளிக் திருப்பினாலும் ஒன்றும் நகராது, நான்காவது வெடியில் திடீரென்று குதிக்கும்.

குறி சேர்ப்பதை 25 மீட்டரில் தொடங்கு. போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் உட்கார வைத்து, குழலின் பின்பக்கம் வழியாகப் பார்த்து இலக்கை நடுவில் கொண்டுவா. துப்பாக்கியைத் தொடாமல் குறுக்குக்கோட்டையும் அதே புள்ளிக்கு நகர்த்து. இப்போது முதல் குண்டு தாளிலாவது விழும். மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவை மட்டும் கணக்கில் எடு. ஒரு குண்டைத் துரத்திக்கொண்டு கிளிக் திருப்பாதே. ஸ்கோப்பின் குமிழ் ஒரு கிளிக்குக்குக் கால் நிமிடக் கோணம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் நிமிடம்) நகர்த்துவது என்றால் 100 மீட்டரில் 7 மி.மீ., 50-இல் மூன்றரை, 25-இல் 2 மி.மீ.-க்கும் குறைவு. கடைசியாக 50 மீட்டரில் நடுவைச் சேர். அப்படிச் சேர்த்தால் 75 மீட்டரில் 5, 6 செ.மீ. கீழே விழும். 100 மீட்டரில் 15 முதல் 20 செ.மீ. வரை இறங்கிவிடும். அதனால்தான் .22-இல் தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டால் முயல் காயத்தோடு ஓடும்.

தோட்டாவை ஒரே பெட்டியாக வாங்கி வைக்காதே. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 மீட்டரில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை விரும்பாது. வகை மாற்றியதும் முதல் பத்து, பதினைந்து குண்டுகளை நம்பாதே, பழைய மெழுகும் ஈயமும் போய்ப் புதியது படிய வேண்டும். நன்றாக விழும் வகை தெரிந்தபின் அதே தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்கு.

.22-இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது. அந்த விளிம்பில் எங்காவது மருந்து படியாமல் விட்டிருந்தால் ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வரும். அப்போது குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு 30 நொடி காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிப்பதும் உண்டு. அதைவிட ஆபத்து, வழக்கத்தைவிட மெலிந்த ‘பொத்’ சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். போல்ட்டைத் திறந்து, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது கிழியும். இந்த இரண்டு சத்தத்தையும் அவள் எப்போதும் மறக்கக் கூடாது. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவதற்குப் போலித் தோட்டா போட்டுக்கொள்ளச் சொல், பழைய .22-களில் ஊசி வெறும் அறையின் (குழலில் தோட்டா உட்காரும் இடத்தின்) விளிம்பில் மோதிப் பள்ளம் விழும். அதே போலித் தோட்டாவை நிஜத் தோட்டாக்களோடு கலந்து, அவளுக்குத் தெரியாமல் நீ மேகசினில் ஏற்றிக்கொடு. போலித் தோட்டா வந்து வெடிக்காதபோதும் குழல் துள்ளினால், அடிக்குப் பயந்து முன்பே அசையும் அந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடு.

காதடைப்பு .22-க்கும் வேண்டும். பெரிய ரைஃபிளுக்கு வேண்டும் என்று சொல்லவே வேண்டியதில்லை, அதன் வெடி 150 டெசிபலைத் தாண்டும். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு, ஈயத்தூள் விரலில் ஒட்டியிருக்கும்.

துடைப்பது பற்றி ஒரே ஒரு விஷயம். எப்போதும் பின்பக்கத்திலிருந்து, ஒரே துண்டாக உள்ள கம்பியால். வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டால் அது விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துச் சாய்த்துவிடும்; குண்டு கடைசியாகத் தொடும் இடம் அதுதான். .22 குழலை அடிக்கடி தேய்க்கத் தேவையில்லை, ஆனால் அறையில் மெழுகுக் கரி சேர்ந்தால் தோட்டா முழுசாக உள்ளே போகாது, போல்ட் மூட மறுக்கும். பெட்டியில் பஞ்சு உறைக்குள் மூடி வைப்பதுதான் துருவுக்கு நேர்வழி. பூட்டிய அலமாரியில், உறையில்லாமல், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வை. தோட்டா வேறு பூட்டில்.

இனி அப்பாவின் .30-06. அதை அவள் எடுப்பதற்குள் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் ஒரு தடவை காட்டியாக வேண்டும். முதலில் நீயே சிலவற்றைப் பார்க்கலாம். போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார். நடுவில் கரிய வளையம் நிழல்போலத் தெரிந்தால் அங்கே எப்போதோ உப்பியிருக்கிறது, அந்தக் குழலை விட்டுவிடு. விசைக்குப் பின்னால், கைப்பிடி மெலியும் இடத்தில் மரத்தில் வெடிப்பு இருக்கிறதா பார். காலியான துப்பாக்கியில் போல்ட்டை ஏற்றி, சேஃப்டி போட்டு, விசையை நன்றாக இழுத்து விடு. பிறகு விசையைத் தொடாமல் சேஃப்டியை எடு. ஊசி விழுந்தால் அது கொல்லும் பழுது. பின்தகட்டை ரப்பர் விரிப்பில் தட்டிப் பார்க்கும்போதும் விழக் கூடாது. போல்ட்டுக்குள் பழைய கிரீஸ் கெட்டியாகியிருந்தால் குளிரில் ஊசி மெதுவாகப் போய்த் தோட்டா வெடிக்காமல் போகும், கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளியை மட்டும் வீட்டில் அளக்க முடியாது, அதற்கு அளவுக்கட்டைகள் இருக்கின்றன. இடைவெளி கூடியிருந்தால் ஒவ்வொரு வெடியிலும் பித்தளை நீளும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியிலிருந்து சுமார் ஒரு செ.மீ. மேலே பளபளப்பான வளையம் தெரியும். அடுத்த கட்டம் அந்த இடத்தில் கூடு பிளப்பது. அலமாரியில் அப்பா வைத்த பழைய ராணுவத் தோட்டாக்களும் இருப்பதாக எழுதியிருந்தாய். அந்தக் காலத்துப் பற்றவைப்பு மருந்து வெடித்தபின் குழலில் உப்பை விட்டுவிடும், அது ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவைக் கிளப்பும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். நான் என்றால் அவற்றைச் சுடவே மாட்டேன்.

இரண்டு பருவம் .22-இல் போகட்டும். உட்கார்ந்த நிலையில், மூட்டை இல்லாமல், 50 மீட்டரில் ஐந்து குண்டையும் 4 செ.மீ. வட்டத்துக்குள் போட முடிந்தால் அடுத்ததைப் பற்றிப் பேசலாம். நடுவே .243 ஒன்று இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. 1955-இல் .308-இன் கழுத்தை 6 மி.மீ.-க்கு இறுக்கிச் செய்த தோட்டா அது, மான் வேட்டைக்குப் போதும், தோளையும் பயமுறுத்தாது. சில இடங்களில் சட்டம் மானுக்குக் குறைந்தபட்ச விட்டம் வைத்திருக்கும், அதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்.

என் பக்கத்துச் செய்தி அதிகமில்லை. கண்புரை எடுத்தபின் துப்பாக்கியின் இரும்புக்குறி மறுபடி கூர்மையாகத் தெரிகிறது, வாசிப்பதற்குத்தான் கண்ணாடி. பேரன் வந்திருக்கிறான், இந்தக் கடிதத்தை மூன்று இடத்தில் அவன் கிறுக்கியிருக்கிறான், பொறுத்துக்கொள்.

பதில் எழுதும்போது இரண்டு விவரம் அனுப்பு: மகளின் முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் முதல் கணு வரை எத்தனை செ.மீ., அப்பாவின் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பது எழுத்துக்கு எழுத்து என்ன. பழைய துப்பாக்கிகளில் அறையை வேறு தோட்டாவுக்குக் குடைந்துவிட்டுப் பொறிப்பை மாற்றாமல் விட்டவர்கள் உண்டு. ஆகவே பழுதுபார்ப்பவரிடம் அறையின் அச்சையும் எடுத்துப் பார்க்கச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்