பின்கட்டில் ஒரு மேசை

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ தொலைபேசியில் சொன்னதை அம்மாவும் நானும் இரண்டு மூன்று முறை பேசிவிட்டோம். மருந்துக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள்தான் உங்களுக்குச் சோறு போடுகிறது. மற்ற மூன்று முயற்சிகளையும் மூட வேண்டும் என்று உன் கூட்டாளி ஆப்பிளைக் காட்டுகிறார். கூடாது என்று நீ கூகுளைக் காட்டுகிறாய். இருவருமே பாதிக் கதையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

1997-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்த நிதியாண்டில் ஆப்பிளுக்கு 100 கோடி டாலருக்கு மேல் நட்டம். பெருகிக் கிடந்த கணினி வகைகளை அவர் நான்காகக் குறைத்ததும், நியூட்டன் என்ற கையடக்கக் கருவியை 1998-இல் நிறுத்தியதும் தண்ணீர் ஏறிய படகிலிருந்து சரக்கை எறிகிறவன் செய்யும் வேலை. உங்கள் படகில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. தவிர, அதே ஆப்பிள்தான் 2007-இல் ஐபோனைக் கொண்டுவந்தது. அதற்கான சோதனைகள் பல ஆண்டுகள் வெளியே மூச்சுவிடாமல் நடந்தவை.

கூகுள் நிறுவனர்கள் 2004-இல் பங்கு வெளியிட்டபோது, ஊழியர்கள் வேலை நேரத்தில் 20 விழுக்காட்டைத் கூகுளுக்கு மிகவும் பயன்படும் என்று தாங்கள் நினைக்கும் வேலைக்குச் செலவிட ஊக்குவிப்பதாக எழுதினார்கள். அந்தத் தாராளத்துக்குத் தேடல் விளம்பர வருமானம் படியளந்தது. அவர்களே, சோதனை முயற்சிகளை மக்கள் பார்க்க வைத்திருந்த கூகுள் லேப்ஸ் தளத்தை 2011-இல் மூடினார்கள்; 2013 ஜூலையில், பல இணையதளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய ரீடர் சேவையை, நாள்தோறும் அதை நம்பிப் படித்தவர்கள் எவ்வளவோ கேட்டும், நிறுத்தினார்கள். அவர்களால் அந்த வருத்தத்தைத் தாங்க முடிந்தது. பதினோரு பேர் உள்ள உங்களால் முடியாது.

நம் அச்சகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ட்ரெடில் இயந்திரத்தில் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் மட்டும் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், நீ மாமா என்று கூப்பிட்ட, அச்செழுத்து கோக்கும் நம் கம்பாசிட்டர் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து பார்க்கப் பின்கட்டில் ஒரு மேசை கேட்டார். மாலை ஆறு மணிக்கு மேல், ஓராண்டுக்கு, வாடிக்கையாளரிடம் வாய் திறக்காமல் செய்யுங்கள் என்று மைச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் மையை ஊற்றி ரப்பர் கட்டையால் இழுப்பார். ஆரம்பத்தில் ‘ஞ’வின் சுழி ஒவ்வோர் அட்டையிலும் மையால் அடைபட்டுவிடும். அது தெளிவாக விழுந்த பிறகுதான் முதல் வேலையை ஏற்றோம். பின்னால் பத்திரிகை வேலையெல்லாம் ஆப்செட்டுக்குப் போனபோது, அந்த மேசையில் அடித்த தாம்பூலப் பைதான் உன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது.

ஆனால் அதற்கு முன் ஓர் ஆண்டு, கற்றுக்கொள்ளாத வேலையான நாட்காட்டியை அடித்துத் தருவதாகப் பலகையில் எழுதி முன்பணமும் வாங்கிவிட்டேன். ஜனவரி முடிந்தும் கொடுக்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் பல ஆண்டுகளாக நம்மிடம் பில் புத்தகம் அடித்த அரிசி ஆலைக்காரர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார். இன்றும் அது என் மனத்தில் உறுத்துகிறது.

அதனால்தான் உன் மூன்று முயற்சிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நாற்பது கடைகளுக்கு நீங்கள் இலவசமாகக் கொடுத்த சரக்கு இருப்புச் செயலி, காசு வாங்காவிட்டாலும், கொடுத்த வாக்கு. மூடுவதானால் அவரவர் கணக்கை அவரவர் கையில் எடுத்துக் கொடுத்து, மூன்று மாதம் முன்னதாகவே சொல்லிவிட்டு மூடுங்கள். வெளியே வராத மற்ற இரண்டில் உனக்குத் தூக்கம் வராமல் செய்கிற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே ஓர் ஆளையும் ஒரு கெடுவையும் அதற்கு ஒதுக்கும்படி உன் கூட்டாளியிடம் கேள்.

அதற்கு முன், அந்த நாற்பது கடைகளில் எத்தனை பேர் தினமும் அதைத் திறக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா