நாடக மன்றத்தின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அக்கா அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

போன வருடம் நாம் மேடையேற்றியது ஒரே ஒரு நாடகம். அதற்கு முன் ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கூடி, நாடகத்தை எப்படிக் கட்டுவது என்று படித்தோம். அந்த வகுப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

நாடகத்துக்கு முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து சந்தி, அதாவது ஐந்து கட்டம், உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் இதை நெல்லை வைத்து விளக்குகிறார்: விதை முளைக்கும், இலை விடும், கதிர் சூல்கொள்ளும், முற்றும், அறுத்து உண்போம். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் நாடகத்துக்குச் சொன்ன ஆறு உறுப்புகளிலும் கதைக்கட்டுக்கே முதலிடம். நம் காமன் கூத்தில் ரதி எவ்வளவு தடுத்தும் அவள் கணவன் மதன் சிவனின் தவம் கலைக்கப் போகிறானே, அந்த இழுபறிதான் கதையை நகர்த்துகிறது; அதற்கு முரண் என்று பெயர். சின்ன வயதிலிருந்து மாசி மாதத்தில் பார்த்ததுதான், பெயர்தான் இப்போது தெரிந்தது.

நமது நாடகம் முதலில் பதினொரு காட்சி. மகள் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் பக்கமுள்ள கட்டுநாயக்காவுக்கு வேலைக்குப் போவது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். மிச்சமெல்லாம் அம்மாவின் அழுகை. "முதல்லேயே கதிர் அறுத்தாச்சு, அப்புறம் என்ன இருக்கு?" என்று கேட்டார் தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் அண்ணன் ஒருவர். சரி என்று நாடகத்தையும் கவ்வாத்து செய்தோம். ஆறு காட்சிதான் மிஞ்சியது. மகளின் வேலைக்கடிதம் அம்மா கையில் கிடைக்கிறது. யாரிடமும் சொல்லாமல் இடுப்பில் கட்டும் படங்குக்குள் சொருகிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் படங்கை அவிழ்க்கும்போது, நனைந்த கடிதம் மகளின் காலடியில் விழுகிறது. அந்த இடத்தில் வசனம் கிடையாது, தப்பு மேளமும் நின்றுவிடும். அம்மாவாக நடித்த அக்கா குனிந்து அதை எடுக்கவில்லை. சனம் மூச்சுவிடவில்லை.

ஒரு குறை. விளக்குகளைத் தூணுக்குப் பின்னால் கட்டிவிட்டோம். அந்த முக்கியமான நேரத்தில் அக்காவின் முகத்தில் தூண் நிழல். தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அன்றைக்கே சொல்லியிருக்கிறது. அடுத்த முறை முன்பக்கம் மூங்கில் நட்டுக் கட்டுவோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரண்டு தப்புக்குத் தோல் மாற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காமன் கூத்தில் வரும் ரதி புலம்பல் பாட்டு முழுதாகத் தெரிந்தவர் இப்போது நம் கூத்து மாஸ்டர் ஒருவர்தான். வரும் ஞாயிறு தொடங்கி அவர் பாடப்பாட எழுதப் போகிறோம். வருகிறவர்கள் கொப்பி கொண்டுவாருங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்