மலைச் சைக்கிள் பாதைத் திருப்பணி: நிறைவு அறிக்கையும் கணக்கும்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுவிஸ் கிராவ்புண்டன் மாநிலத்தில், நம் ஊர்க் கேபிள் காரின் நடு நிலையத்திலிருந்து ஊர்த் தேவாலயத்தடிக்கு இறங்கும் 3.2 கிலோமீற்றர் காட்டுப்பாதையின் வேலை முடிந்துவிட்டது. கிராமசபை அலுவலர் முழுப் பாதையையும் நடந்து பார்த்து, கையெழுத்து வைத்து, சிவப்பு நிற மலைச் சைக்கிள் பலகைகளைப் பூட்ட அனுமதி தந்தார். சபைக்கு ஜேர்மன் மொழியில் கொடுத்த அறிக்கை நான்கு பக்கம், எல்லாம் அளவும் படமும். இது உங்களுக்கு. 38,000 பிராங்கில் முடிப்போம் என்று பொதுக்கூட்டத்தில் சொன்னோம். முடிந்தது 51,460 பிராங்க். கூடுதலாகப் போன 13,460 எங்கே என்று வட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்கும், கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்கும் பதில் சொல்வது எங்கள் கடமை.

மேல் பகுதியின் வளைவுகள், மூன்று மரப்பாலங்கள், மேய்ச்சல் நில வேலியில் இரண்டு படலைகள், வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் சொன்ன தொகைக்குள், சொன்ன காலத்தில் முடிந்தன. லார்ச் மரம் மட்டும் 800 பிராங்க் கூடியது. ஈரத்தில் நெடுநாள் நிற்பது அந்த மரம்தான், அதில் மிச்சம் பிடிக்க நாங்கள் விரும்பவில்லை.

பிரச்சினை நடுப்பகுதியின் 640 மீற்றரில்.

வேலையை ஏன் நாமே செய்யவில்லை என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். இது கட்டட வலயத்துக்கு வெளியே உள்ள நிலம். இங்கே மண்ணை வெட்ட மாநில அனுமதி வேண்டும். கனரக வேலையை அனுபவமுள்ள நிறுவனமே செய்ய வேண்டும் என்று கிராமசபையும் கேட்டது. மூன்று விலைமனுக்கள் வந்தன. மிகக் குறைந்த விலை கேட்டவர் அதுவரை ஒரு சைக்கிள் பாதைகூடப் போட்டதில்லை. அதனால் நடுவில் இருந்தவரை 22,000 பிராங்குக்கு எடுத்தோம். அவர் சங்கத் தலைவருக்கு வேண்டியவர் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. தலைவர் வேலை செய்யும் ஹோட்டலில் அவர் முன்பு ஒருமுறை வாகனத் தரிப்பிடம் அமைத்துக் கொடுத்திருந்தார். அதைத் தலைவர் தானாகவே எழுந்து சொன்னார், கூட்டக் குறிப்பிலும் இருக்கிறது, ஒப்பந்தக்காரரைத் தெரிவுசெய்த வாக்கெடுப்பில் தலைவர் கலந்துகொள்ளவும் இல்லை. இதற்கு மேலும் அந்தப் பேச்சைத் தொடர்வது நியாயமில்லை.

பனி உருகி ஜூன் நடுவில்தான் மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை மேலே கொண்டுபோக முடிந்தது. வரைபடத்தில் பாதையின் அகலம் 80 சென்ரிமீற்றர். ஒப்பந்தக்காரர் காட்டு வீதி வெட்டுகிறவர்போல 1.5 மீற்றர் வெட்டிவிட்டார். அதையாவது புல் விதைத்துச் சரிசெய்யலாம். சரிவைத்தான் விடமுடியவில்லை. அந்த இடத்தில் மலையின் சரிவு 24 வீதம். பாதையின் இறக்கம் அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது பாதை போடுகிறவர்கள் எல்லோரும் கைக்கொள்ளும் விதி. அதாவது 12 வீதம். அவர் இரண்டு வளைவுகளை விட்டுவிட்டு நேராக இறக்கியதால் 18 வீதமாகிவிட்டது. பாதை மலைக்குக் குறுக்கே போனால் மழைத்தண்ணீர் பாதையைக் கடந்து கீழே போய்விடும். மலையோடு சேர்ந்து இறங்கினால் தண்ணீர் பாதைக்குள்ளேயே ஓடும். பீலிக்குள் ஓடுவதுபோல.

தண்ணீரைத் திருப்ப அவர் குறுக்கே மரக்கட்டைகளைப் பதித்தார். நனைந்த கட்டையில் சில்லு வழுக்கும் என்று சைக்கிளில் வருகிறவர்கள் அதைச் சுற்றிப் போவார்கள், இரண்டு வாரத்தில் பக்கத்தில் இன்னொரு தடம் விழும், தண்ணீரும் அந்த வழியே போகும். இதை எழுத்தில் கொடுத்தோம். "இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறேன்" என்றார்.

ஜூலையில் ஒரு மாலை இடியோடு மழை. அடுத்த நாள் காலை ஆறு மணிக்குக் கீழே புல்வெளி வைத்திருக்கும் விவசாயியிடமிருந்து தொலைபேசி. நாங்கள் போட்ட சரளை முழுவதும் அவருடைய புல்லுக்குள் கிடந்தது. புல் வெட்டும் இயந்திரத்தில் ஒரு கல் அகப்பட்டால் அலகு உடையும், மாட்டுத் தீனியிலும் கல் வரும். அந்தச் சனிக்கிழமை 17 பேர் முழங்காலில் நின்று கல் பொறுக்கினோம். இரவு வேலை முடித்து நித்திரை இல்லாமல் வந்த சமையல்காரத் தம்பிமார் இருந்தார்கள், 70 வயதைத் தாண்டிய ஒரு அம்மாவும் இருந்தார். மாலையில் அந்த விவசாயி எல்லோருக்கும் சீஸும் பாணும் கொண்டுவந்தார். அவர் கிராமசபையில் முறையிட்டிருந்தால் பாதையே நின்றிருக்கும்.

வேலையில் குறை கண்டால் உரிய காலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது இந்நாட்டு ஒப்பந்தச் சட்டம். திங்கட்கிழமையே படங்களோடு பதிவுத் தபால் அனுப்பினோம், கடைசித் தவணை 5,000 பிராங்கை நிறுத்தினோம். அவர் வழக்குப் போடுவேன் என்றார். இங்கே நீதிமன்றத்துக்கு முன் சமரச அலுவலரிடம் போக வேண்டும். போனோம். அங்கே அகலம், சரிவு இரண்டிலும் நாங்கள் சொன்னது நின்றது. ஆனால் வரைபடத்தில் நாங்கள் "வடிகால்" என்று மட்டும் எழுதியிருந்தோம், எந்த வகை என்று எழுதவில்லை. அது எங்கள் பிழை. அதனால் 2,000 பிராங்க் கொடுத்து, 3,000 பிராங்கைப் பிடித்துக்கொண்டு முடித்தோம். சமரசக் கட்டணமும் தபாலும் 460. முழுவதையும் பிடித்திருக்கலாமே என்கிறார்கள் சிலர். வழக்குக்குப் போயிருந்தால் இன்னொரு கோடை போயிருக்கும், வழக்கறிஞருக்கு அந்தத் தொகை காணாது. இந்த முடிவைக் குழு ஏகமனதாக எடுத்தது, இப்போதும் அதில்தான் நிற்கிறது.

பிறகு 640 மீற்றரையும் திரும்பச் செய்தோம். விடுபட்ட இரண்டு வளைவுகளை மீட்டோம். கட்டைகளைப் பிடுங்கினோம். பாதை சற்று இறங்கி மறுபடி சற்று ஏறும்படி மண்ணையே வளைத்து, ஒவ்வொரு தாழ்விலும் தண்ணீர் தானாக வெளியேற வழிவிட்டோம். சைக்கிளுக்கு அது ஒரு சின்ன அலை, பிள்ளைகளுக்குப் பிடித்த இடமும் அதுதான். ஊற்று கசியும் இடங்களில் கற்களை நிமிர்த்திப் பதித்தோம். அலவாங்கும் பிக்காஸும் பிடித்தது நாம், கல் பதிக்கக் காட்டியது கூலிக்கு வந்த ஒரு கல்வேலைக்காரர். கூலி, கல், கருவி வாடகை எல்லாம் 8,900 பிராங்க்.

அடுத்தது ஹெலிகொப்டர், 6,300 பிராங்க். அதன் படத்தைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் அதிகம். கல்லை வண்டியில் ஏற்ற ஒரே வழி கீழே உள்ள சதுப்புநிலம். சதுப்புநிலங்களைப் பாதுகாப்பதை இந்த நாட்டு மக்கள் 1987இல் வாக்களித்து அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். அதற்குள் ஒரு சில்லுகூட இறங்கக்கூடாது. 12 சுற்றில் கல் முழுவதும் மேலே போய்விட்டது. வேறு வழி இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்போம்.

ஆக 8,900, 6,300, 800, 460. மொத்தம் 16,460. பிடித்த 3,000 போக 13,460. பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, கணக்காய்வாளர் இருவரும் பார்த்துவிட்டார்கள்.

வரவு: கிராமசபை 15,000. ஊர் விழாக்களில் நாம் போட்ட கொத்துரொட்டி, ரோல்ஸ் கடையில் 7,260. நன்கொடை 25,200. இரண்டு உறுப்பினர்கள் வட்டியில்லாமல் தந்த 4,000, அது வரும் ஆண்டுக் கடை வருமானத்திலிருந்து திருப்பிக் கொடுக்கப்படும்.

கொடையாளர் பெயர்களை இணையத்தில் போடக்கூடாது என்று பொதுக்கூட்டம் முடிவெடுத்தது, முழுப் பட்டியல் மண்டபச் சுவரில் இருக்கிறது. ஆனாலும் நன்றி சொல்லாமல் விடமுடியாது. கூர் நகரில் உணவகம் நடத்தும் தம்பதியருக்கு, சூரிச்சில் இருக்கும் முன்னாள் உறுப்பினர்கள் ஐவருக்கு, பேர்ணிலிருந்து முகம் தெரியாமலே 500 அனுப்பிய அக்காவுக்கு, சென்காலன் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோருக்கு, பாசலிலிருந்து வண்டியில் கருவிகள் ஏற்றி வந்த அண்ணாவுக்கு, தாயின் நினைவாக ஒரு பாலத்தின் மரம் முழுவதையும் தந்த குடும்பத்துக்கு, தன் முதல் சம்பளத்தில் 200 தந்த ஹோட்டல் பயிற்சித் தங்கைக்கு, பிறந்தநாள் காசைக் கொடுத்த மூன்று பிள்ளைகளுக்கு, பதினொரு சனிக்கிழமையும் மலைக்குச் சோறு சமைத்து அனுப்பிய அம்மாமாருக்கு.

2018 செப்ரெம்பரில் லென்சர்ஹைடேயில் நடந்த மலைச் சைக்கிள் உலகப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். இந்தக் கிராவ்புண்டன் மண்ணில் பிறந்த சைக்கிள் வீரர் நீனோ ஷுர்டர் சொந்த மாநிலத்தில் வென்றதைக் கண்முன் பார்த்தார்கள். அதே மாதம் 23ஆம் திகதி நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் சைக்கிள் பாதைகளை அரசியலமைப்பில் சேர்க்க 73.6 வீதம் பேர் ஆம் என்றார்கள். 2023 ஜனவரியில் வந்த சட்டம் மலைச் சைக்கிள் பாதைகளையும் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் சபையிடம் போய்க் கேட்கும் துணிவு எங்களுக்கு வந்தது. முப்பது வருடம் இந்த ஊரின் ஹோட்டல்களில் பாத்திரம் கழுவி, படுக்கை விரித்து வாழ்ந்தவர்கள், ஊர் மலையில் ஒரு பாதைக்குப் பொறுப்பெடுத்திருக்கிறோம். அதில் எனக்கு இருக்கும் பெருமையை மறைக்கப் போவதில்லை.

இது நடக்கிறவர்களுக்கும் உரிய பாதை. நடக்கிறவரைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், மணி அடியுங்கள், வணக்கம் சொல்லுங்கள். படலையைத் திறந்தால் மூடுங்கள், மாடுகள் செப்ரெம்பர் வரை மேலேதான் நிற்கும். மழை பெய்த அடுத்த நாள் சைக்கிள் ஓடவேண்டாம்.

தாழ்வுகளில் இலையும் மண்ணும் அடைக்கும். பனி விழுமுன் ஒக்ரோபர் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நடு நிலையத்தில் கூடுவோம். மண்வெட்டி சங்கத்தில் இருக்கிறது, கையுறை மட்டும் கொண்டுவாருங்கள்.

செயலாளர், குழுவின் சார்பில்