குளக்கரைப் படமும் மலைமேல் நட்சத்திரங்களும்

ஆலங்காயம்,
தை மாதம்.

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கைக்கு வந்தது. பையனுக்குக் கோவையில் வேலை கிடைத்த செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம் வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்குவானே, அந்தச் சேகருக்கா வேலைக்குப் போகும் வயதில் பிள்ளை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே லட்சுமிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில நாள் கழித்து மொட்டை மாடிக்கு வந்தவள், "நிலா ஒன்றாகத் தெரிகிறது" என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

இனி உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். மகாமகக் குளத்தை இரவில் எடுத்தாய், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, மண்டபங்கள் ஆடிப்போய்த் தெரிகின்றன, அதனால் ஓய்வூதியப் பணத்தில் கைவைத்துப் பெரிய கேமரா வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு, சேகர். உன் கையில் இருக்கும் சின்னக் கேமராவே அந்தப் படத்தை எடுக்கும்.

நீ அனுப்பிய படத்தின் விவரத்தைப் பார்த்தேன். ஐ.எஸ்.ஓ., அதாவது ஒளியைப் பெருக்கும் அளவு, 1600; ஷட்டர் திறந்திருந்த நேரம் கால் விநாடி. ஆட்டோவில் விட்டால் எந்தச் சின்னக் கேமராவும் இப்படித்தான் செய்யும். நீ கையில் பிடித்திருப்பதாக எண்ணிக்கொண்டு நேரத்தைக் குறைத்து ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிவிடும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதால் ஒரு துளி ஒளிகூட அதிகமாக உள்ளே வராது. வந்த கொஞ்ச ஒளியைப் பெருக்கிக் காட்டும், கூடவே புள்ளிகளும் பெருகும். அதே காட்சியை ஐ.எஸ்.ஓ. 100-இல் 4 விநாடி எடுத்துப் பார். படத்தின் வெளிச்சம் அதே அளவுதான், ஆனால் உள்ளே வந்த ஒளி 16 மடங்கு. புள்ளிகளின் தொல்லை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

உன் கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நீ வாங்க நினைக்கும் பெரிய கேமராவில் அது 36-க்கு 24. பரப்பில் முப்பது மடங்கு. கபடி ஆட்டத்தையோ கல்யாண ஊர்வலத்தையோ எடுப்பவர் அந்த முப்பது மடங்கைப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். குளமும் பதினாறு மண்டபங்களும் எங்கே ஓடப் போகின்றன? நீ நேரத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்.

டிரைபாட் இல்லை என்று தயங்காதே. சின்னத் துணிப்பையில் முக்கால் பாகம் மணலை நிரப்பி வாயை இறுக்கித் தைத்துக்கொள். அதைப் படிக்கட்டில் வைத்து, கேமராவை மேலே அமர்த்தி லேசாக அமுக்கு. மணல் இருபுறமும் விலகி, கேமராவின் அடிப்பாகத்தை அப்படியே கவ்விக்கொள்ளும். முன்பக்கம் தூக்க வேண்டுமானால் பின்பக்கத்து மணலை விரலால் முன்னே தள்ளினால் போதும். மலிவான டிரைபாடின் மெல்லிய கால்கள் காற்றில் நடுங்கும். மணல் பை நடுங்காது. பொத்தானை அழுத்தும்போது விரலே கேமராவை அசைத்துவிடும் என்பதால் 2 விநாடி டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடு. ஃபிளாஷ் வேண்டாம். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியையும் அணைத்துவிடு. அசையாத கேமராவில் அது சில நேரம் தானே அசைவை உண்டாக்கும். ஜூம் செய்யாதே. உன் லென்ஸ் அகலக் காட்சியில் எஃப் 2.8, முழு ஜூமில் எஃப் 5.9. இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். ஜூம் செய்தால் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் போய்விடும். வேண்டுமானால் நாலு படி இறங்கிக் கிட்டப் போ.

நேரமும் முக்கியம். நீ ஒன்பது மணிக்கு எடுத்திருக்கிறாய். அப்போது வானம் வெறும் கறுப்பு, விளக்குகள் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்துபோகும். சூரியன் மறைந்து இருபது நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் எடு. வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும், விளக்கும் எரியத் தொடங்கியிருக்கும். நம் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்த நேரம் மளமளவென்று கடந்துவிடும். முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடு.

குளக்கரையில் ஆள் நடமாட்டம் இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். இருக்கட்டும். 1838-இல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் தன் ஜன்னலிலிருந்து எடுத்த தெருப்படத்தை நினைத்துப் பார். பல நிமிடம் ஒளி காட்டி எடுத்த படம். அந்தத் தெருவில் போன வண்டியும் குதிரையும் ஆட்களும் ஒன்றும் பதியவில்லை. ஓர் ஓரமாக ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்துவிட்டார். உன் குளக்கரையிலும் 15 விநாடி வைத்தால் நடப்பவர்கள் பெரும்பாலும் கரைந்துபோவார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதறிப்போவாய். 15 விநாடி எடுத்து முடித்ததும் கேமரா இன்னொரு 15 விநாடி எதற்கும் அசையாமல் இருக்கும். பழுதில்லை. ஷட்டரை மூடிவைத்து ஓர் இருட்டுப் படம் எடுத்து, சூட்டினால் சென்சாரில் தோன்றும் புள்ளிகளைக் கண்டுபிடித்து முதல் படத்திலிருந்து கழிக்கிறது. அவசரப்பட்டு அணைத்துவிடாதே.

இதற்குமேல் போக ஆசை வந்தால், ஒரே காட்சியைக் கேமராவை அசைக்காமல் பதினாறு தடவை எடுத்துக் கணினியில் சராசரி செய். ஒவ்வொரு படத்திலும் புள்ளிகள் வேறு வேறு இடத்தில் விழும், மண்டபம் மட்டும் அதே இடத்தில் நிற்கும். பதினாறைச் சேர்த்தால் புள்ளிகள் இன்னொரு முறை நாலில் ஒன்றாகும். இலவச மென்பொருள்களே இதைச் செய்கின்றன. விலை உயர்ந்த போன்கள் இரவில் செய்வதும் இதே வேலைதான். 2019-இல் வந்த கூகுள் பிக்சல் 4, நட்சத்திரங்களை எடுக்க 16 விநாடிப் படங்களாகப் பதினைந்து வரை எடுத்து ஒன்றாக்கியது. பைசா செலவில்லாமல் நீயே செய்துகொள்ளலாம்.

எனக்கு இந்தப் பித்து முற்றியது இங்கே மலையடிவாரத்துக்கு வந்த பிறகுதான். காவலூர் வானாய்வகத்தை அமைத்தவர்கள் இருட்டைத் தேடித்தான் இந்த ஜவ்வாது மலைக்கு வந்தார்கள். 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இப்போது வாணியம்பாடிப் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. தெற்கிலும் கிழக்கிலும் இன்னும் இருட்டு மிச்சம் இருக்கிறது. தை அமாவாசையை ஒட்டி, அடிவாரத்து வயல்வரப்பில் மணல் பையை வைத்து 15 விநாடி எடுத்தேன். என் 28 மில்லிமீட்டர் காட்சிக்கு அது சரியான நேரம். 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுப்பது நட்சத்திரப் படத்துக்கான கணக்கு; 28-ஆல் வகுத்தால் வருவது கிட்டத்தட்ட 18 விநாடி. அதைத் தாண்டினால் நட்சத்திரங்கள் கோடாக இழுத்துக்கொள்ளும். இருட்டில் கேமராவுக்குத் தானாக ஃபோகஸ் பிடிக்க வராது, மலை படம் போட்ட தொலைதூர நிலையில் வைத்துவிட வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது திருவாதிரை ஆரஞ்சாகவும், அது இருக்கும் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் எதிர்மூலையில் ரைஜல் என்ற நட்சத்திரம் நீலமாகவும் நின்றன. நடுவில் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே நெபுலா என்னும் வாயு மேகம், ரோஜா நிறத்தில் ஒரு சிறு பூச்சு. வெறுங்கண்ணுக்கு இவற்றின் நிறம் இவ்வளவு தெரியாது. மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை விட்டுவிடுகிறது, கேமரா விடுவதில்லை. லட்சுமி புதுக்கண்ணால் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னுடையது கேனான்தானே? அப்படியானால் சி.எச்.டி.கே. என்ற இலவச மென்பொருள் உன் மாடலுக்கு இருக்கிறதா பார்க்க வேண்டும். மெமரி கார்டிலிருந்தே ஓடும், கேமராவை நிரந்தரமாக மாற்றாது. ஒரு நிமிடத்துக்கு மேலும் ஷட்டரைத் திறந்து வைக்கலாம், படத்தை ரா கோப்பாகவும், அதாவது சென்சார் பதிந்தது பதிந்தபடியே, சேமிக்கலாம். மாடல் எண்ணையும், கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் எண்ணையும் எழுதி அனுப்பு, இரண்டும் பொருந்தினால்தான் ஓடும். நானே கார்டைத் தயார் செய்து தபாலில் அனுப்புகிறேன்.

அதற்குள் குளத்தை ஐ.எஸ்.ஓ. 100-இல் மறுபடி எடுத்து அனுப்பு. பெரிய கேமரா பற்றி அதைப் பார்த்த பிறகு பேசலாம். சித்திரை அமாவாசைக்குத் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. இரவு பதினோரு மணிவாக்கில் தெற்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே தென்சிலுவை தெரியும். கூடுதல் பேட்டரி ஒன்று எடுத்து வா, நீண்ட நேரப் படங்கள் பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். அம்மா உனக்கு அதிரசம் சுட்டு வைப்பதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் நண்பன்,
பாஸ்கரன்